முதலில் நிறுத்தப் பழக்குங்கள்
உடலும் மனவடுவும்: வாசகர் கேள்வி பதில்

மனவடுவை, அதாவது பயங்கர அனுபவங்கள் மனதில் விட்டுப்போன காயத்தை, ஆற்றுவதில் மூச்சு, தசை போன்ற உடல்வழி அணுகுமுறைகள் பற்றித் திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். ஒரே விடயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம். பெயர்களை விட்டுவிட்டோம்.

கேள்வி: மகளிர் சங்கத்தில் மன ஆறுதல் பயிற்சி ஒன்று நடத்தினோம். எல்லாரையும் கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விடச் சொன்னோம். நாலைந்து நிமிடத்தில் ஒரு அம்மாவுக்கு மூச்சு முட்டியது. உதடு விறைத்தது, கைவிரல்கள் உள்ளே மடங்கின. "உள்ளுக்குக் கிடந்தது வெளியில வருது, தடுக்காதீங்கோ" என்று சிலர் சொன்னார்கள். இது நல்ல அறிகுறியா?
தொண்டர், மூதூர்

வெளியில் வந்தது பழைய துயரம் அல்ல, காபனீரொட்சைட்டு. தேவைக்கு மேல் இழுத்து இழுத்து விடும்போது இரத்தத்தில் அதன் அளவு குறைந்து காரத்தன்மை கூடுகிறது. அதனால் இரத்தத்தில் கட்டுப்படாமல் இருக்கும் கல்சியம் குறைந்து நரம்புகள் எளிதில் தூண்டப்படுகின்றன. வாயைச் சுற்றியும் விரல் நுனியிலும் விறைப்பு வந்து கை மடங்குவது இதனால்தான். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்களும் சுருங்குவதால் தலை கிறுகிறுக்கும். இவ்வளவும் மூச்சால் வந்த வேலை. ஆனால் அந்த அம்மாவுக்கு அப்போது அது தெரியாது. "எனக்கு ஏதோ ஆகுது, சாகப்போறன்" என்றுதான் உடம்பு அவருக்குச் சொல்லும். பழைய பயமும் அந்த வழியாகவே உள்ளே வரும். "விடுங்கோ, வரட்டும்" என்று பார்த்துக்கொண்டு நிற்பது அவரை இரண்டாம் முறை பயப்படுத்துவது.

இப்படி நடந்தால் செய்ய வேண்டியது: கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். பயிற்சி முடிந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் முன்னால் நிற்காமல் பக்கவாட்டில், அவர் கண்ணுக்குத் தெரியும்படி, கதிரையில் உட்காருங்கள். "வாயை மூடி மூக்கால சின்ன மூச்சு போதும். விடுறதை மட்டும் மெல்ல விடுங்கோ" என்று சொல்லிக்கொண்டு நீங்களும் அப்படியே விடுங்கள். அவரோடு கதை கொடுத்துக்கொண்டிருங்கள். கதைத்துக்கொண்டே அளவுக்கு மிஞ்சி மூச்சிழுப்பது கஷ்டம். சில நிமிடங்களில் விரல்கள் தளரும். கடதாசிப் பையை மூக்கில் வைக்கும் பழைய வழக்கம் வேண்டாம். வந்திருப்பது ஆஸ்துமாவோ மாரடைப்போ என்றால் அது ஆபத்து. நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், மூச்சில் விசில் சத்தம் கேட்டால், நினைவு தப்பினால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள்.

இனி, மூச்சைப் பழக்கும் முறை. கதிரையில் உட்கார்ந்து இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும். கண் திறந்தே இருக்கட்டும், பார்வை தரையில் ஓரிடத்தில். உள்ளே ஆழமாக இழுக்கச் சொல்லாதீர்கள், அது தானாக வரும். வெளியே விடுவதை மட்டும் நீட்டச் சொல்லுங்கள். தொடங்குபவருக்கு இழுக்க 3 எண்ணிக்கை, விட 4. பழகியபின் 4, 6 என்று கூட்டலாம். ஓர் எண்ணிக்கை ஒரு செக்கன் என்றால், ஒரு மூச்சுக்கு 10 செக்கன், நிமிடத்துக்கு 6 மூச்சு. வெளிமூச்சின்போது இதயத்துடிப்பு சற்றுத் தணிவது எல்லாருடைய உடலிலும் இயல்பாக நடப்பது. நாங்கள் அதைக் கொஞ்சம் நீட்டிக்கொடுக்கிறோம், அவ்வளவுதான். முதல் நாளில் ஐந்து மூச்சு. பிறகு நிறுத்தி, சாதாரணமாக மூச்சுவிட்டு, சுற்றிப் பார்க்க வேண்டும். ஐந்து போதாது என்று தோன்றும். போதும்.

சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே பயம் தரும். நீரில் அகப்பட்டவர்கள், கழுத்து நெரிக்கப்பட்டவர்கள், ஆஸ்துமாக்காரர்கள் இப்படி இருக்கலாம். அவர்களுக்கு மூச்சுப் பயிற்சியை விட்டுவிட்டுப் பாதத்திலிருந்தோ கைகளிலிருந்தோ தொடங்குங்கள். மூச்சுதான் எல்லாத்துக்கும் வாசல் என்ற எண்ணத்தைப் பயிற்றுநர்கள் கைவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கேள்வி: மனவடு இடுப்புத் தசைகளில் தேங்கி நிற்கிறது, உடம்பை நடுங்கவிட்டு உதறினால் வெளியேறிவிடும் என்று யூடியூப்பில் காட்டுகிறார்கள். உண்மையா?
வாசகர், திருகோணமலை நகர்

எந்தத் தசையிலும் நினைவு தேங்குவதில்லை. பழகிப்போவது நரம்பு மண்டலம். ஷெல் விழுந்த சத்தத்தோடு ஓடியது, விறைத்தது, மூச்சடக்கிப் பதுங்கியது எல்லாம் சேர்ந்து ஒரே வழக்கமாகிவிடுகிறது. பல வருடம் கழித்துக் கதவு அடித்துச் சாத்தினாலும், "அது கதவு" என்று மூளையின் யோசிக்கும் பகுதி சொல்லி முடிப்பதற்குள் நெஞ்சு படபடத்து, தோள் காதுவரை ஏறி, வயிறு இறுகிவிடும். யோசனைக்கு முந்தியது என்பதால் "பயப்படாதே, சண்டை முடிஞ்சுது" என்ற புத்திமதி அந்த இடத்துக்குப் போய்ச் சேருவதில்லை. உடல்வழி அணுகுமுறைகள் தொடங்கியது இந்தப் புள்ளியில்தான்.

இவற்றில் பெயர் பெற்றவை சில. பீட்டர் லெவின் உருவாக்கிய சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங், பாட் ஓக்டனின் சென்சரிமோட்டர் சைக்கோதெரபி, மனவடுவுக்கென்று மாற்றியமைத்த யோகா. முதல் இரண்டிலும் ஆளை முழுக் கதையும் சொல்ல வைப்பதில்லை. கதையின் ஓரத்தை மட்டும் தொட்டு, அப்போது உடலில் எழுவதைக் கவனித்து, உடனே உடலில் ஆறுதலாக இருக்கும் இடத்துக்குத் திரும்பி, மறுபடி ஓரத்துக்குப் போய், இப்படி ஊஞ்சல்போல ஆடிக்கொண்டே தாங்கும் எல்லையை மெல்ல அகலமாக்குவார்கள். நடுக்கம் சில வேளை தானாக வரும். வந்தால் வரட்டும் என்பார்கள். அதை வரவழைப்பது நோக்கம் அல்ல.

யூடியூப்பில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் டேவிட் பெர்செலி பரப்பிய நடுக்கப் பயிற்சி. தொடைத் தசைகளைக் களைக்க வைத்து, படுத்து, கால் நடுங்கவிடுவது. களைத்த தசை நடுங்குவதில் அதிசயம் இல்லை. அதனால் மனவடு ஆறுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் மிகக் குறைவு. பயங்கரங்களைக் கண்டவர் தனியறையில் தொலைபேசியைப் பார்த்துச் செய்தால், தொடங்கிய நடுக்கத்தைத் தன்னால் நிறுத்த முடியாது என்று பயந்துபோகலாம். தனியே வேண்டாம்.

மற்றவற்றுக்கு ஆதாரம் எவ்வளவு? 2014இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், மனவடு நோய்க்கு வேறு சிகிச்சை எடுத்தும் முழுக் குணம் காணாத 64 பெண்களில் ஒரு சாராருக்கு 10 வாரம் யோகா வகுப்பு, மறுசாராருக்கு நலக்கல்வி வகுப்பு. முடிவில் யோகா செய்த 31 பேரில் 16 பேருக்கும், மற்ற 29 பேரில் 6 பேருக்கும் நோய் வரையறைக்குக் கீழே அறிகுறி இறங்கியிருந்தது. சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்குக்கு 2017இல் இஸ்ரேலில் 63 பேரோடு, வாரம் ஒன்றாக 15 அமர்வுகள் வைத்து, சிகிச்சை இன்னும் தொடங்காத காத்திருப்போர் குழுவோடு ஒப்பிட்ட ஆய்வு நல்ல பலன் காட்டியது. எங்கள் கரைக்கு எதிர்க்கரையிலும் ஒன்று நடந்தது: சுனாமி தாக்கிய தென்னிந்தியக் கிராமங்களில் 150 பேரோடு செய்து 2008இல் வெளியானது. முன்னேற்றம் சொன்னார்கள், ஆனால் ஒப்பிடுவதற்குக் குழு இருக்கவில்லை, காலம் ஆற்றியதா சிகிச்சை ஆற்றியதா என்று பிரிக்க முடியாது. இன்றைக்கும் உறுதியான ஆதாரம் கூடுதலாக இருப்பது மனவடுவை நேரடியாக எடுத்துப் பேசும் சிகிச்சைகளுக்கும் கண்ணசைவு முறையான ஈஎம்டிஆருக்கும்தான். உடல்வழி முறைகளை அவற்றுக்கு முந்திய படியாகவும் துணையாகவும் வைப்பது நியாயம். "பேச்செல்லாம் வீண், உடம்புதான் எல்லாம்" என்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள். மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் போகும் வேகஸ் நரம்பை வைத்துப் பயத்தையும் அமைதியையும் விளக்கி ஸ்டீபன் போர்ஜெஸ் 1994இல் முன்வைத்த கோட்பாட்டைப் பயிற்சி வகுப்புகளில் வேதம்போலச் சொல்கிறார்கள். பாடம் நடத்த அந்தக் கோட்பாடு வசதி. அதன் உடற்கூற்று விளக்கங்களைப் பல நரம்பியலாளர்கள் ஏற்கவில்லை என்பதையும் கூடவே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கேள்வி: சுனாமியில் என் கணவரின் தங்கச்சி போய்ச் சேர்ந்தா. அவர் இன்னும் மாரி காலத்தில், இடி இடிக்கிற இரவுகளில் கத்திக்கொண்டு எழும்புகிறார். நான் தோளைப் பிடித்து உலுக்கினால் என்னைத் தள்ளிவிடுகிறார். கொஞ்சம் குடித்தால் தூக்கம் வருகிறது என்கிறார். நான் என்ன செய்யலாம்?
வாசகி, நிலாவெளி

அம்மா, அவர் தள்ளுவது உங்களை அல்ல. அந்தக் கணத்தில் அவர் இன்னும் வீட்டுக்கு வந்து சேரவில்லை. அதனால் தொடாதீர்கள், உலுக்காதீர்கள். கைக்கு எட்டாத தூரத்தில், கால் பக்கமாக நின்று, முதலில் லைட்டைப் போடுங்கள். மாரியில் கரண்ட் போவது வழக்கம் என்பதால் தலைமாட்டில் டோர்ச் ஒன்று இருக்கட்டும். அதைச் சுவரில் அடியுங்கள், முகத்தில் அல்ல. வழக்கமாக எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிடுங்கள். "இஞ்சாருங்கோ, நான்தான். வீட்டிலதான் இருக்கிறீங்கள். வெளியில மழை, இடி. தண்ணி வரேல்ல." இதே வசனத்தை, இதே குரலில், இரண்டு மூன்று தரம். புதிது புதிதாகச் சொன்னால் விளங்காது.

கண் உங்களில் நிலைத்தபின் எழுந்து உட்காரச் சொல்லுங்கள். கால் இரண்டும் சீமெந்துத் தரையில். குதியால் தரையை அழுத்தி, ஐந்து எண்ணி, விடட்டும், நாலைந்து தரம். பிறகு அறையில் கண்ணுக்குத் தெரிகிற ஐந்து சாமானின் பெயர் சொல்லட்டும்: கடிகாரம், சாரம், நுளம்பு வலை என்று. பயிற்சிக் கையேடுகளில் "ஐந்து பார், நாலு தொடு, மூன்று கேள்" என்று வரும். உங்கள் கணவருக்குக் கேட்பதை விட்டுவிடுங்கள். காதைக் கூர்மையாக்கினால் கடலும் இடியும்தானே கேட்கும்? முகம் கழுவி, கொஞ்சம் தண்ணீர் குடித்தபின் படுக்கலாம். என்ன கனவு என்று அந்த நேரத்தில் கேட்க வேண்டாம். விரும்பினால் பகலில் அவரே சொல்லட்டும்.

இதைப் பகலில், நல்ல மனநிலையில் இருக்கும்போது இருவரும் ஒத்திகை பார்த்துக்கொள்வது முக்கியம். தொடலாமா, எங்கே நிற்பது, என்ன வசனம் என்பதை அவரே சொல்லட்டும். இரவில் முதன்முதலாகப் பழக முடியாது.

குடி முன்னிரவில் தூக்கத்தைக் கொடுத்துப் பின்னிரவில் பறித்துவிடும். சாராயம் இறங்கும் நேரத்தில் கனவுத் தூக்கம் கூடுதலாக வரும், கெட்ட கனவும் கூட வரும். தினமும் குடிப்பவராக இருந்தால் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், நடுக்கமும் வலிப்பும் வரலாம். வைத்தியரிடம் கேட்டுக் குறைக்க வேண்டும். பக்கத்து வீட்டாரின் தூக்க மாத்திரையும் வேண்டாம்.

ஐப்பசி கார்த்திகையில் இடி, மார்கழியில் 26ஆம் திகதி. இரண்டும் அடுத்தடுத்து வருவதால் புரட்டாசியிலேயே கிளினிக்குக்குப் போய்க் கதைத்துவிடுவது நல்லது. கடற்கரைக்கே போக முடியாதவராக இருந்தால், "வாங்கோ, பயம் போகும்" என்று நீங்களாக இழுத்துக்கொண்டு போக வேண்டாம். அந்த வேலையைச் சிகிச்சையாளர்கள் இரு விதமாகச் செய்வார்கள். ஒன்றில் பயம் தானாக இறங்கும்வரை அந்த இடத்திலேயே நிற்க வைப்பார்கள். மற்றதில் பயம் ஏறத் தொடங்கியதும் பின்வாங்கி ஆறி மறுபடி போவார்கள். இரண்டையும் கலந்து அரைகுறையாகச் செய்தால், உச்சப் பயத்தில் ஓடிவந்த அனுபவம்தான் மிஞ்சும். அடுத்த தரம் இன்னும் கஷ்டம்.

கேள்வி: தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் சிலருக்கு உடம்பில் ஷெல் துண்டு இருக்கிறது, ஒருவருக்குச் செயற்கைக் கால். செய்யலாமா?
சமூக சேவை உத்தியோகத்தர், ஈச்சிலம்பற்று

செய்யலாம், முழு உடம்பையும் அல்ல. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களில் வகுத்த முறை இது. ஒரு தசைத்தொகுதியை 5 முதல் 7 செக்கன் இறுக்கி, 20 முதல் 30 செக்கன் தளர்ந்திருந்து, வித்தியாசத்தைக் கவனிப்பது. பலம் முழுவதும் போட்டு இறுக்குவதுதான் வழமையான பிழை. பாதிப் பலம் போதும். அதற்கு மேல் போனால் பிடிப்பு வரும், இரத்த அழுத்தக்காரருக்கு அழுத்தம் ஏறும், மூச்சையும் அடக்கிக்கொள்வார்கள். "இறுக்கும்போதும் மூச்சு ஓடட்டும்" என்று ஒவ்வொரு தரமும் சொல்லுங்கள்.

துண்டு உள்ள இடம், எலும்பு முறிந்து பொருந்திய இடம், தையல் தழும்பு உள்ள இடம் ஆகியவற்றை விட்டுவிட்டு அடுத்த தொகுதிக்குப் போங்கள். யார் எதை விட வேண்டும் என்பதைக் குழுவில் கேட்காமல் தொடங்கும்முன் தனித்தனியே கேளுங்கள். செயற்கைக் கால் உள்ளவர் இல்லாத பாதத்தை "இறுக்குங்கள்" என்ற வார்த்தையைக் கேட்டதும் அங்கே வலியை உணரலாம். அவருக்குக் கை, தோள், முகம் மட்டும். கழுத்தை யாருக்குமே இறுக்கச் சொல்லாதீர்கள், தோளைத் தூக்கி விடுவதே போதும்.

இன்னுமொன்று. தளர்வதே சிலருக்குப் பயம். பல வருடம் விழிப்பாக இருந்தே உயிர் தப்பியவருக்கு உடம்பு தளரும்போது "காவல் விட்டுப்போச்சு" என்று தோன்றிப் பதற்றம் ஏறும். அவருக்குத் தளர்த்தும் பாகத்தைக் குறைத்து, அழுத்தும் பாகத்தை வையுங்கள்: இரண்டு உள்ளங்கையாலும் சுவரைத் தள்ளுவது, கதிரையின் இருபக்கத்தையும் பிடித்து மேலே இழுப்பது. பலத்தை உணர்ந்தபடி அமைதியாவது அவருக்கு எளிது. மயக்கம் வரும்போல முகம் வெளிறி வியர்ப்பவருக்கும் இதுதான். காலைக் குறுக்காகப் போட்டுத் தொடையை இறுக்கினால் இரத்த அழுத்தம் தாழாமல் நிற்கும். அந்த நேரத்தில் தளரச் சொன்னால் விழுந்துவிடுவார்.

கேள்வி: திக்ர் செய்தால் மனம் அமைதியாகிறது. இதையும் உடற்பயிற்சி என்று சொல்லலாமா, அல்லது வேறு முறைகளைப் பழகத்தான் வேண்டுமா?
வாசகர், கிண்ணியா

பழகத் தேவையில்லை. திக்ரோ, நாமஜெபமோ, செபமாலையோ, ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது வெளிமூச்சு நீள்கிறது. இத்தாலியில் 23 பேரை வைத்துச் செய்து 2001இல் வெளிவந்த ஆய்வில், இலத்தீன் செபமாலையும் பௌத்த மந்திரமும் மூச்சை நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைத்தன. வணக்கத்தை வைத்தியமாகச் சுருக்க வேண்டிய தேவை எங்களுக்கில்லை. உங்களுக்கு ஏற்கெனவே பழகிய வழி இருக்கிறது, அவ்வளவே. "இவ்வளவு ஓதியும் பயம் போகல, என்ட ஈமான் குறைவோ" என்று யாரும் தன்னைக் குற்றம் சொல்லத் தொடங்கினால் மட்டும் வைத்தியரிடம் அனுப்புங்கள். நோன்பு காலத்தில் அஸருக்குப் பிறகு பெருமூச்சுப் பயிற்சிகள் எதுவும் வேண்டாம், தலை சுற்றும்.

கேள்வி: இந்த முறைகளைத் தொண்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்க மூன்று நாள் பயிற்சி ஒன்று திட்டமிடுகிறோம். எத்தனை பேர், எந்த ஒழுங்கு, எதில் கவனம்?
நிறுவனப் பணியாளர்கள், சம்பூர். முன்பள்ளி ஆசிரியை, உப்புவெளி

சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் பயிற்சி ஏறக்குறைய மூன்று வருடம். மூன்று நாளில் சிகிச்சையாளர் உருவாக மாட்டார். பதற்றத்தைத் தணிக்க உதவக்கூடிய, எங்கே நிறுத்துவது என்று தெரிந்த தொண்டர் உருவாகலாம். சான்றிதழிலும் அப்படியே எழுதுங்கள்.

ஒரு பயிற்றுநருக்கு 12 பேர், கூட ஒரு துணையாள். யாராவது எழுந்து வெளியே போனால் துணையாள் கூடப் போக வேண்டும், பயிற்றுநர் அறையை விடக்கூடாது. கதிரைகள் வட்டமாக. ஒருவருடைய முதுகும் கதவுக்கு நேரே இருக்கக்கூடாது. கதவு பூட்டாமல் இருக்கட்டும். பாயில் மல்லாந்து படுக்க வைக்கும் பயிற்சிகளை விட்டுவிடுங்கள். சேலையோடும் அபாயாவோடும் வரும் பெண்களுக்கு அது வசதியும் இல்லை, பாதுகாப்பாகவும் படாது. ஜெனரேட்டர் சத்தம், கதவு அறையும் காற்று, மதிய நேரத்து லவுட்ஸ்பீக்கர் ஆகியவற்றை முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

முதல் நாள் காலை எந்தப் பயிற்சியும் தொடங்குமுன் நிறுத்துவதைப் பழக்குங்கள். கையை மடியிலிருந்து சற்று உயர்த்தினால் "எனக்குப் போதும்" என்று அர்த்தம். பயிற்றுநர் உடனே நிறுத்துவார், ஏன் என்று கேட்க மாட்டார். இதை ஒவ்வொருவரும் நிஜமாகவே செய்து பார்க்க வேண்டும், ஒரு நல்ல பயிற்சியின் நடுவிலும். மனவடு என்றாலே அன்றைக்கு "வேண்டாம்" என்று சொன்னது எடுபடாமல் போனதுதானே. இன்றைக்குச் சொன்னதும் எடுபடுகிறது என்பதை உடம்பு பழகுவதே மருந்தின் பெரும்பங்கு. மூச்சும் தசையும் அதற்குப் பிறகு.

இரண்டாம் நாள் ஒழுங்கு: அறையைச் சுற்றிப் பார்த்தல், பாதம், கைகளால் அழுத்துதல், கடைசியாக மூச்சு. மூன்றாம் நாள் முழுவதும் பயிற்சி பிழையாகிப்போகும் சந்தர்ப்பங்களை நடித்துப் பழகுவதற்கு. மூச்சு முட்டுபவர், அழுது நிறுத்தாதவர், வெறித்துப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லாதவர். கடைசி ஆளைத்தான் பலர் "நல்லா அமைதியாயிட்டார்" என்று நினைத்துத் தொடர்ந்து பயிற்சி செய்விப்பார்கள். கண் சிமிட்டாமல் ஓரிடத்தில் நிற்கிறதா, கை குளிர்ந்திருக்கிறதா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் தாமதமாகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் அது அமைதி அல்ல, ஆள் விலகிப்போயிருக்கிறார். மூச்சுப் பயிற்சியை நிறுத்தி, எழுந்து நிற்க வைத்து, நாலடி நடத்தி, கையில் தண்ணீர்ப் போத்தலைக் கொடுங்கள்.

பழகும்போது மூவர் மூவராக. ஒருவர் செய்பவர், ஒருவர் வழிகாட்டி, ஒருவர் பார்ப்பவர். 7 நிமிடம் பயிற்சி, 3 நிமிடம் பார்த்தவர் சொல்வது, பிறகு மாறுதல். எடுத்துக்கொள்ளும் விடயம் பத்துக்கு மூன்று கனத்துக்கு மேல் இருக்கக்கூடாது: பஸ் நிற்காமல் போன எரிச்சல், அயலாரோடு வந்த வாய்த்தர்க்கம். தன் வாழ்க்கையின் மிகப் பெரிய இழப்பை யாரும் பயிற்சிக்கு எடுக்க வேண்டாம். பயிற்றுநர் சொல்லியும் கேட்காமல் யாராவது எடுப்பார், துணையாள் அதற்காகவே இருக்கிறார். எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து நடந்ததை ஒரே அமர்வில் ஒப்புவிக்கச் செய்வதும் வேண்டாம். அது பின்னால் வரும் நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யும்.

சொல்லும் வார்த்தையில் கவனம். "கையைத் தூக்குங்கள்", "குனியுங்கள்", "முழங்காலில் நில்லுங்கள்", "அசையாதீர்கள்" இவையெல்லாம் சுற்றிவளைப்புகளில் கேட்டவை. தோளுக்கு நல்லது என்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்க வைத்தால் சிலருக்கு அது வேறு நினைவு. "விரும்பினால் தோளை ஒருக்காச் சுற்றிப் பார்க்கலாம், வேண்டாமென்றால் பார்த்துக்கொண்டிருக்கலாம்" என்று இரண்டு வழியும் கொடுங்கள். "உடலில் எங்கே உணர்கிறீர்கள்?" என்று வெறுமனே கேட்டால் "தெரியேல்ல" என்றுதான் பதில் வரும். சூடா குளிரா, பாரமா லேசா, இறுக்கமா இளக்கமா என்று இரண்டில் ஒன்றாகக் கேளுங்கள். நெஞ்சடைக்குது, வயிறு எரியுது, கைகால் பதறுது, உடம்பு உளையுது என்று எங்கள் சனம் ஏற்கெனவே சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கையேட்டுச் சொற்களுக்கு மாற்றாதீர்கள்.

தொடுவது: தொண்டர்கள் தொட வேண்டாம். அனுமதி கேட்டாலும் வேண்டாம். "ஓம்" என்று சொல்லிப் பழகியவர்கள் பிடிக்காமலும் ஓம் சொல்வார்கள். தன் கையைத் தன் நெஞ்சிலோ தோளிலோ வைக்கச் சொன்னால் போதும்.

மூன்று நாளுக்குப் பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறை மேற்பார்வைக் கூட்டம், குறைந்தது ஆறு மாதம். இதற்குப் பணம் ஒதுக்காமல் இன்னொரு ஊரில் இன்னொரு மூன்று நாள் நடத்தும் வழக்கம் நிறுவனங்களில் இருக்கிறது. ஒன்றைக் குறைத்து மேற்பார்வைக்குச் செலவழியுங்கள்.

கேள்வி: திருவிழாவில் சீன வெடி வெடித்தாலும், இடி இடித்தாலும் மேசைக்குக் கீழே போகும் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். வகுப்பு முழுவதற்கும் பயிற்சி வைக்கலாமா?
ஆசிரியர், குச்சவெளி

சின்னச் சின்னப் பயிற்சி வைக்கலாம். மனவடுவைத் தோண்டும் நிகழ்ச்சி வேண்டாம். இலங்கையின் வடக்கில் 399 பாடசாலைப் பிள்ளைகளோடு, ஐந்து வாரத்தில் 15 அமர்வாக நடந்த வகுப்பறை நிகழ்ச்சியின் முடிவு 2012இல் வெளிவந்தது. சில பிள்ளைகளுக்கு நன்மை. ஆனால் பங்குபற்றிய பெண்பிள்ளைகளின் மனவடு அறிகுறிகள், பங்குபற்றாத பெண்பிள்ளைகளுடையதைவிடக் குறைவாகவே தணிந்தன. நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? மறுபக்கம், போரும் சுனாமியும் கண்ட 31 வடகிழக்குப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குக் கதை சொல்லும் சிகிச்சை, மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வும் என்று, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆளுக்கு ஆறு அமர்வு கொடுத்த ஆய்வு 2009இல் வந்தது. இரு சாராரிலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறினார்கள். வித்தியாசம் என்னவென்றால் அங்கே ஒவ்வொரு பிள்ளையையும் ஒருவர் தனியே கவனித்தார்.

வகுப்பில் செய்யக்கூடியது: சுவரைத் தள்ளுவது, ஒற்றைக் காலில் நிற்பது, இருந்த இடத்தில் நடப்பது, பிறகு வண்ணத்துப்பூச்சி அணைப்பு. மெக்சிக்கோவில் போலீன் சூறாவளிக்குப் பிறகு 1998இல் பிள்ளைகளுக்காக லூசினா ஆர்ட்டிகாஸ் உருவாக்கியது இது. கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்து, விரல் நுனி எதிர்ப்பக்கக் காறை எலும்புக்குக் கீழே பட, வலம் இடமாக மெல்லத் தட்டுவது. ஆறு முதல் எட்டுத் தட்டு, ஒரு மூச்சு, நிறுத்தம். கணக்குப் பாடத்துக்கு முன் இரண்டு நிமிடம், எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து. பயந்த பிள்ளையை மட்டும் முன்னால் கூப்பிடாதீர்கள். மேசைக்குக் கீழே போன பிள்ளையை இழுத்தெடுக்க வேண்டாம். நீங்களும் குனிந்து, அதன் பெயர் சொல்லி, "அது வெடி, கோயில் பக்கம்" என்று சொல்லிக்கொண்டு தரையில் கை வைத்திருங்கள். திருவிழா நாள் முன்பே தெரியும்தானே. எத்தனை மணிக்கு வெடி என்று காலையிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால் அரைவாசிப் பயம் குறையும்.

கேள்வி: எப்போது இந்தப் பயிற்சிகளை விட்டுவிட்டு வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும்?
பலர்

தற்கொலை எண்ணம் பேச்சில் வந்தால் அன்றைக்கே. பயிற்சிக்குப் பிந்திய நாட்களில் தூக்கம் கெட்டு, கனவு கூடினால்; நினைவு தப்பித் தப்பிப் போனால்; ஒரு மாதத்துக்கு மேலாகியும் வேலை, சாப்பாடு, பிள்ளை பராமரிப்பு நடக்காவிட்டால்; தினமும் குடித்தால். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். தொலைபேசியில் என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926, பிள்ளைகளுக்கு 1929, வீட்டு வன்முறைக்கு உள்ளாகும் பெண்களுக்கு 1938.

நெஞ்சு படபடப்பு, எடை குறைவு, கை நடுக்கம் மூன்றும் சேர்ந்திருந்தால் தைரொயிட்டையும், களைப்பும் படபடப்பும் என்றால் இரத்தச்சோகையையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாத்தையும் மனவடு என்று எழுதிவிட்டுப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கக்கூடாது. கிளினிக்குக்குப் போகிறவர் ஒரு துண்டுக் கடதாசியில் மூன்று விடயம் எழுதிக்கொண்டு போகட்டும்: கிழமைக்கு எத்தனை இரவு முழிப்பு, எந்தப் பயிற்சி செய்து என்ன நடந்தது, இப்போது குடிக்கும் மாத்திரைகளின் பெயர். நெரிசலான கிளினிக்கில் வைத்தியருக்குக் கிடைக்கும் சில நிமிடத்தில் இந்தத் துண்டு நீண்ட கதையைவிடக் கூடுதலாக உதவும். மாத்திரையின் பெயர் தெரியாவிட்டால் வெறும் அட்டையையாவது கொண்டுபோகட்டும்.